சவூதி ஒப்பந்தமும் தாமதக் கட்டணமும்

கேள்வி: ஐயா, ஜூரோங்கில் கப்பல் உதிரிபாகங்கள் விற்கும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். தம்மாமில் உள்ள ஒரு நிறுவனத்துடன் சென்ற ஆண்டு செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குச் சவூதிச் சட்டமே பொருந்தும். பணம் தாமதமானால் அவர்கள் மாதம் 2 விழுக்காடும், சரக்கு தாமதமானால் நான் வாரத்துக்கு 1 விழுக்காடும் கூடுதலாகத் தர வேண்டும் என்று எழுதிக் கையொப்பமிட்டோம். தவணை கடந்து நான்கு மாதமாகியும் பணம் வரவில்லை. அந்த 2 விழுக்காட்டைக் கேட்கலாமா?
– வாசகர், ஜூரோங்

பதில்: கேட்பதில் தடையில்லை, அங்குள்ள நீதிமன்றம் அதை வாங்கித் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2023 டிசம்பர் 16 முதல் நடப்பில் உள்ள சவூதி உரிமையியல் பரிவர்த்தனைச் சட்டத்தின் 178ஆம் பிரிவு, இழப்பீட்டுத் தொகையை இரு தரப்பும் முன்கூட்டியே முடிவுசெய்ய அனுமதித்தாலும், செலுத்த வேண்டியது பணக் கடனாக இருக்கும்போது அந்த அனுமதியைத் தருவதில்லை. கடன் தொகை நாளாக ஆக வளர்வதை இஸ்லாமியச் சட்டமான ஷரியா ‘ரிபா’, அதாவது வட்டி, என்று விலக்குகிறது. ‘நிர்வாகக் கட்டணம்’ என்று பெயர் மாற்றி எழுதுவதை நம் வணிகர்கள் பெரிய சாமர்த்தியமாக நினைக்கிறார்கள், நீதிபதி அப்படி நினைப்பதில்லை.

உங்கள் மீதான 1 விழுக்காடோ செல்லும். விற்பவருக்கு இது ஓரவஞ்சனைதான். ஆயினும், வாங்கியவருக்கு இழப்பே ஏற்படவில்லை என்று நீங்கள் மெய்ப்பித்தால் அத்தொகை தர வேண்டியதில்லை என்றும், அது மிகையானது என்று காட்டினால் நீதிமன்றம் குறைக்கலாம் என்றும் 179ஆம் பிரிவு கூறுகிறது. இந்த உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிப் பறிக்கவும் முடியாது. சிங்கப்பூரில் நிலைமை வேறு. 2020இல் டென்கா வழக்கில் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தபடி, குறித்த தொகை இழப்பின் நேர்மையான முன்மதிப்பீடா என்பதே இங்கு கேள்வி. ஆம் என்றால் முழுத்தொகையும் கிடைக்கும், தண்டனை என்றால் அந்த விதியே செல்லாது.

அடுத்த ஒப்பந்தத்தில் காத்திருப்புக்கான விலையைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். ரொக்க விலையைவிடத் தவணை விலை கூடுதலாக இருப்பதை ஷரியா ஏற்கிறது. கையொப்பமிடும்போதே ஒரே விலையாக முடிவாகிவிட வேண்டும், பிறகு ஏறக் கூடாது. அதோடு வங்கி எல்சியும் (பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) முன்பணமும் கேளுங்கள். சிங்கப்பூரில் நடுவர் தீர்ப்பு பெற்றால் தப்பிக்கலாம் என்பார்கள். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றுவதற்கான நியூயார்க் உடன்படிக்கையில் சவூதி 1994இல் சேர்ந்த நாடுதான் என்றாலும், பொது ஒழுங்குக்கு முரணானது என்று வட்டிப் பகுதியை மட்டும் அங்கு நீக்கிவிட வாய்ப்புண்டு.

இப்போதைக்கு, ஒவ்வொரு இன்வாய்ஸின் அசல் தொகையையும் தனித்தனியே குறிப்பிட்டு, 2 விழுக்காட்டை அதில் கலக்காமல், தம்மாமில் உள்ள வழக்கறிஞர் வழியாக அறிவிக்கை அனுப்புங்கள்.