வாசகர் கேள்வி – பதில்: சித்திரையில் வருவனவும் போவனவும்

கேள்வி: வருடப்பிறப்பு நெருங்கும்போதுதான் எங்கள் வளவில் குயில் கூவத் தொடங்குகிறது. மற்ற மாதங்களில் அது எங்கே போய்விடுகிறது? அதே மரத்தில் புள்ளிகளுள்ள வேறொரு பறவையையும் கண்டேன். அது என்ன?
– வாசகி ஒருவர், கொடிகாமம்

பதில்: குயில் எங்கும் போவதில்லை. ஆண்டு முழுவதும் நம் வளவுகளிலேயே, ஆலம்பழத்தையும் பப்பாசிப் பழத்தையும் தின்றுகொண்டு, பெரும்பாலும் வாய் திறவாமல் அடர்ந்த இலைகளுக்குள் ஒளிந்திருக்கும் அப்பறவை, இனப்பெருக்கக் காலத்தில் குரலெடுப்பதால் அப்போதுதான் வந்திறங்கியது போல நமக்குத் தோன்றுகிறது. கூவுவது ஆண், மினுங்கும் கருமை நிறமும் இரத்தச் சிவப்பான கண்ணும் உடையது. நீங்கள் கண்ட புள்ளிப் பறவை அதன் பெண்ணேயாகும். தவிட்டு நிற உடலில் வெள்ளைப் புள்ளிகளும் வாலில் வெள்ளைப் பட்டைகளும் இருப்பதால் பலர் அதனை வேறோர் இனமென்றே எண்ணிவிடுகின்றனர். அது ஆணைப் போலக் கூவாது. 'கிக், கிக், கிக்' என்று விரைவாகக் கத்தும். அந்தச் சத்தம் கேட்டால் அருகில் காகக்கூடு உண்டா என்று பாருங்கள். அதில் குயில் இடும் முட்டை காகத்தின் முட்டையைவிடச் சிறியது. ஏறத்தாழ இரண்டு கிழமையில், காகக் குஞ்சுகளுக்கு முன்னரே, பொரித்துவிடும். வளவைத் துப்புரவாக்கும்போது கூடுள்ள கிளையை மட்டும் வெட்டாமல் விடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். ஒரு கிளையோடு இரண்டு இனங்களின் குஞ்சுகள் அழிந்துபோகும்.

கேள்வி: சித்திரை நடுப்பகலில் எங்கள் முற்றத்துக் கம்பத்துக்கு நிழலே இல்லை. ஆனால் காண்டாவன வெயில் அதற்குப் பிறகுதானே வருகிறது?
– வாசகர் ஒருவர், பருத்தித்துறை

பதில்: ஏப்ரல் 5 அளவில் இலங்கையின் தென்முனைக்கு நேர் மேலே வரும் சூரியன், நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, ஏப்ரல் நடுப்பகுதியில் உங்கள் ஊருக்கு உச்சியில் நிற்கிறது. அந்நாள்களில் பகல் 12 மணி 10 நிமிடமளவில் கம்பத்தின் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். ஆயினும் நிலமும் கடலும் சூடேறச் சில கிழமைகள் செல்லும். வாடை ஓய்ந்து சோளகம் இன்னும் பலக்காத அந்த இடைவெளியில் காற்றும் அசையாது. அதனாலேயே புழுக்கம் மேமாதத்தில் கடுமையாகிறது. ஆகஸ்ட் இறுதியில் சூரியன் தெற்கே திரும்பிச் செல்லும்போது நிழலற்ற பகலை மீண்டும் காணலாம்.

கேள்வி: மாசியில் பண்ணைக் கடலோரத்தில் சாம்பல் நிறமாக இருந்த சிறு உள்ளான்கள், சித்திரையில் செங்கல் நிறமாக நிற்கின்றன. இவை புதிதாக வந்தவையா?
– வாசகர் ஒருவர், வேலணை

பதில்: அதே பறவைகள்தான். நுனியில் கீழ்நோக்கி வளைந்த அலகு உண்டா என்று கவனியுங்கள். இருந்தால் அது வளைமூக்கு உள்ளான். சைபீரியாவின் வடகோடியில் முட்டையிடுவதற்காகப் புறப்படும் முன்னர் அது இறகு மாற்றி, முகம் முதல் வயிறு வரை சிவந்துவிடும். மாற்றம் முடியாத பறவையின் நெஞ்சில், சாம்பலுக்கிடையே சிவப்பு இறகுகள் திட்டுத்திட்டாகத் தெரிவதை, வற்றிய சேற்றோரத்தில் அசையாமல் அமர்ந்தால் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். எனக்கு இவ்வாண்டில் இதைவிட அழகான காட்சி வேறில்லை. வைகாசிக்குள் பெரும்பாலானவை போய்விடும். இன்னும் முதிராத இளம் பறவைகள் சில மட்டும், சாம்பல் நிறத்தோடேயே, கோடை முழுவதும் இங்கேயே தங்கிவிடும்.