சர்வரில் ஆள் புகுந்தால் ஸ்டேஷனுக்குப் போகலாமா? கேள்வி பதில்

நான் வக்கீல் இல்லை. கம்பெனி கம்ப்யூட்டரில் யாராவது புகுந்துவிட்டால் தடயம் எடுத்துக் கொடுப்பதும், புகார் எழுதும்போது கூட உட்காருவதும் என் தொழில். பேங்கிலிருந்து பணம் போனவர்கள் இங்கே காத்திருக்காமல் உடனே 1930க்கு அடியுங்கள். மற்றவர்கள் கேளுங்கள்.

திருப்பூர்: வெள்ளி இரவு எங்கள் எக்ஸ்போர்ட் ஆபீஸ் சர்வரில் யாரோ நுழைந்திருக்கிறார்கள். புகார் கொடுத்தால் போலீஸ் சர்வரையே தூக்கிக்கொண்டு போய்விடும், ஷிப்மென்ட் நின்றுவிடும் என்கிறார் ஆடிட்டர். உண்மையா?

நடக்கக்கூடியதுதான். குற்றத்தோடு தொடர்புள்ள பொருளைக் கைப்பற்ற குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 106வது பிரிவு அதிகாரம் தருகிறது. பொருள் புகார் கொடுத்தவருடையது என்றால் விட்டுவிடு என்று அதில் இல்லை. எடுத்தால் கோர்ட், தடயவியல் ஆய்வகம், அங்கே வரிசை. திரும்ப வாங்க 497வது பிரிவில் மனு போட வேண்டும். கைப்பற்றிய சொத்தைத் தேவைக்கு மேல் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நகை, வண்டி பற்றிப் பேசிய தீர்ப்பு அது. சர்வருக்கும் அதைத்தான் காட்டுகிறோம்.

அதனால் ஸ்டேஷன் படி ஏறும் முன் ஒரு வேலை. டிஸ்கை அப்படியே இமேஜ், அதாவது அச்சு அசல் நகல், எடுத்து ஹேஷ் மதிப்பை எழுதி வையுங்கள். ஹேஷ் என்பது டிஸ்கின் கைரேகை மாதிரி ஒரு எண், உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். அசல் டிஸ்கைக் கழற்றி, உறையில் போட்டு, சீல் வைத்து, சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். புது டிஸ்க் போட்டு பேக்கப்பிலிருந்து ஆபீசை ஓட்டுங்கள். போலீஸ் கேட்டால் உறையைக் கொடுக்கலாம், ஷிப்மென்ட் நிற்காது. ஃபார்மேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

இன்னொன்று. போலீசுக்குப் போவது உங்கள் முடிவு. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்வது அப்படியில்லை. 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். வெள்ளி இரவு என்கிறீர்கள். இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அதை அனுப்புங்கள்.

மதுரை: ஃபைலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தது. ஃபார்மேட் அடித்து விண்டோஸ் போட்டுவிட்டோம். இப்போது புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், எதைக் காட்டுவீர்கள்? ஃபயர்வாலில் லாக், அதாவது யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவு, மிச்சம் இருக்கிறதா பாருங்கள். திருப்பூருக்குச் சொன்ன அதே செர்ட்-இன் உத்தரவில் 180 நாள் லாக் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறது. ‘லாக் எங்கே?’ என்ற கேள்வி முதலில் உங்களைப் பார்த்துத்தான் வரும்.

சென்னை, அம்பத்தூர்: போன மாதம் சண்டை போட்டு வேலையை விட்ட பையன் மேல்தான் சந்தேகம். லாக்கில் உள்ள ஐ.பி. முகவரியும் (இணைய இணைப்பின் எண்) அவன் ஏரியாதான். பெயரைப் புகாரில் எழுதலாமா?

எழுதாதீர்கள். 2007ல் ஆர்க்குட் என்ற சமூக வலைத்தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்திய பதிவுக்காக, பெங்களூரில் ஒரு ஐ.டி. இளைஞரை புனே போலீஸ் பிடித்துப் போனது. இணைய நிறுவனம் கொடுத்த ஐ.பி. விவரமே தப்பு. சம்பந்தமே இல்லாத மனிதர் 50 நாள் சிறையில் இருந்தார்.

உங்கள் லாக் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கிறதா, நம் நேரத்திலா? ஐந்தரை மணி நேரம் தள்ளினால் அதே ஐ.பி. வேறு வீட்டுக்குப் போயிருக்கும். நடந்தது என்ன, எத்தனை மணிக்கு, எந்தக் கணக்கின் வழியாக என்று மட்டும் எழுதி, ‘அடையாளம் தெரியாத நபர்’ என்று முடியுங்கள். பெயரைப் போட்டால் விசாரணை அந்தப் பெயரைச் சுற்றியே நிற்கும். நான் பார்த்த ஒரு கேஸில் இப்படித்தான் ஒரு பையனை இரண்டு நாள் ஸ்டேஷனுக்கு அலைய விட்டார்கள். கடைசியில் பார்த்தால், முதலாளியே ரிமோட் பாஸ்வேர்டை ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்.

சேலம்: புகாரை வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். போதாதா?

அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. ஐ.டி. சட்டம் 66 பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம். அப்படிப்பட்ட குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்ன லலிதா குமாரி தீர்ப்பை, 2013, சொல்லி எஃப்.ஐ.ஆர். கேளுங்கள்.

கோவை, மாணவர்: ஒரு கல்லூரி போர்ட்டலில் ஓட்டை இருக்கிறது, எல்லார் மார்க்கும் தெரிகிறது. போலீசில் சொல்லவா?

தம்பி, கொஞ்சம் நில். உரிமையாளர் அனுமதி இல்லாமல் உள்ளே போனாலே ஐ.டி. சட்டம் 43வது பிரிவு வந்துவிடும். அதில் நேர்மையின்மை இருந்தது என்றால் 66, மூன்று ஆண்டு வரை. நல்ல எண்ணத்தில் பார்த்தேன் என்பதற்கு அந்தச் சட்டத்தில் தனி விலக்கு கிடையாது. வாக்குப்பதிவு இயந்திரத்தின் பலவீனத்தைக் காட்டிய ஹரி பிரசாத்தை 2010 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் கைது செய்தார்கள். ‘இயந்திரம் உனக்கு எப்படிக் கிடைத்தது?’ என்பதுதான் கேள்வியாக இருந்தது. ஒரு மார்க்கைக்கூட இறக்கி வைக்காதே. செர்ட்-இன்னுக்கு எழுது.

திருச்சி, ஓய்வு பெற்ற ஆய்வாளர்: போலீசைப் பூச்சாண்டியாகக் காட்டுகிறீர்கள். சான்றிதழ் இல்லாத பென்டிரைவைக் கொண்டுவந்து நீட்டினால் கோர்ட்டில் நாங்கள் என்ன சொல்வது? அதனால்தான் பெட்டியை எடுக்கிறோம். கைப்பற்றுவதையும் இப்போது வீடியோ எடுக்கச் சட்டமே சொல்கிறது.

ஐயா சொல்வதில் பாதிக்கு மறுப்பில்லை. சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ன்படி ஹேஷ் மதிப்போடு சான்றிதழ் வேண்டும், பகுதி ஏ உங்களுடையது, பகுதி பி நிபுணருடையது. திருப்பூர்க்காரரே, அதையும் உறையோடு வையுங்கள். மீதிப் பாதி: சீல் வைத்துக் கொடுத்த சர்வரை ஒரு ஸ்டேஷனில் ‘என்னதான் இருக்கிறது’ என்று ஆன் செய்து பார்த்தார்கள். ஹேஷ் மாறிப்போனது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அன்று தீபாவளி.

திருச்சி, அதே ஆய்வாளர்: அது பயிற்சிக் குறை. ஐ.டி. சட்டம் 78வது பிரிவுப்படி ஆய்வாளரோ அதற்கு மேற்பட்டவரோதான் புலன்விசாரணை செய்ய வேண்டும். ஒரு ஸ்டேஷனில் எத்தனை ஆய்வாளர் இருக்கிறார்கள்?

நியாயம். ஆனால் அந்தக் குறைக்கு விலை கொடுப்பது புகார்தாரர்.

ஈரோடு: நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுங்கள். உள்ளே புகுந்தவன் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் தொல்லையே இல்லை.

ஊபர் அதைத்தான் செய்தது. 2016ல் 5.7 கோடிப் பேர் தகவல் போனது. ஒரு லட்சம் டாலர் கொடுத்து, குறை கண்டுபிடித்தவர்களுக்கான பரிசு என்று கணக்கெழுதினார்கள். அதன் பாதுகாப்புத் தலைவர் ஜோ சல்லிவன் 2022ல் குற்றவாளியானார். அது அமெரிக்கச் சட்டம், இங்கே அப்படியே பொருந்தாது. ஆனால் ரான்சம்வேரில் மாட்டிய அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனம் காலோனியல் பைப்லைனைப் பாருங்கள். 2021 மேயில் 75 பிட்காயின் கொடுத்தார்கள், எஃப்.பி.ஐ.யிடமும் சொன்னார்கள். அடுத்த மாதமே 63.7 பிட்காயினை எஃப்.பி.ஐ. மீட்டது. சொல்லாமல் இருந்திருந்தால் மீட்க யார் வருவார்கள்?

திருச்சி, ஆய்வாளர்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

சரி ஐயா.

நாமக்கல்: ஃபார்மேட் செய்த பிறகு...

மதுரைக்குச் சொன்ன பதில்.

ஓசூர்: இமேஜ் எடுத்தோம். அதே சர்வரின் டி டிரைவில் பத்திரமாக வைத்திருக்கிறோம். சரிதானே?

இல்லை. சர்வரை ஆஃப் செய்துவிட்டு எனக்குத் தனியாக எழுதுங்கள்.