நெஞ்சுத் துண்டு தும்பாகாமல் இருக்க

கேள்வி: கோழிக்கறியில் கால் துண்டு பஞ்சாக அவிந்திருக்கிறது. அதே சட்டியில் கிடந்த நெஞ்சுத் துண்டை மென்றால் தும்பு மாதிரி இருக்கிறது. எங்கே பிழை? – வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: இரண்டையும் ஒன்றாகச் சட்டியில் போட்டதுதான் பிழை. காலில் சவ்வும் கொழுப்பும் அதிகம். அந்தச் சவ்வு கரைந்து இளக நேரம் வேண்டும். நெஞ்சில் இரண்டுமே குறைவு. உள்ளே சூடு 65 பாகை செல்சியஸைத் தாண்டியதும் தசைநார் இறுகி, ஈரத்துணியை முறுக்கியது போல நீரைப் பிழிந்து தள்ளும். வெளியேறிய நீர் குழம்பில்தான் கிடக்கும், ஆனால் துண்டுக்குள் திரும்பிப் போகாது. அதனால் 'இன்னும் கொஞ்சம் அவியட்டும்' என்று விட விட இறைச்சி மோசமாகும்.

புரொய்லர் கோழியென்றால் காலையும் எலும்புத் துண்டுகளையும் முதலில் கப்பிப்பாலில் 20 நிமிடம் அவியுங்கள். நெஞ்சை ஒன்றரை அங்குலத் துண்டுகளாக வெட்டி, அரைக் கிலோவுக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பும் மஞ்சளும் பிரட்டி அரை மணிநேரம் வைத்திருங்கள். உப்பு உள்ளே இறங்கினால் நார் அவ்வளவாக இறுகாது, நீரையும் பிடித்து வைக்கும். இந்த உப்பைக் கணக்கில் எடுத்துக் குழம்புக்கு உப்பைக் குறையுங்கள். பிறகு துண்டுகளைக் குழம்பில் இட்டு, மெல்லிய தணலில் 8 நிமிடம். முதற்பால் விட்டு ஒரு கொதி வரும்போதே அடுப்பை நூர்த்து, மூடி 5 நிமிடம் விடுங்கள். தேசிக்காய்ப்புளி இறக்கிய பிறகுதான். ஊர்க்கோழிக்கு இந்தக் கணக்குச் சரிவராது. வயது போன கோழியின் நெஞ்சுக்கும் நேரம் தேவை.

கேள்வி: தயிரில் ஊறவைத்தால் மெதுமையாகும் என்கிறார்கள். நான் ஒரு இரவு முழுக்க வைத்தேன், பொரித்தபோது மேல்பக்கம் மா மாதிரி ஆகிவிட்டது. – வாசகர், ஆரையம்பதி

பதில்: நம் பக்கத்து எருமைத் தயிர் கெட்டி, நாள் பட்டால் புளிப்பும் கூடும். அந்தப் புளிப்பு மேற்பரப்பை மட்டும் தின்றுவிடும், ஆழத்துக்குப் போகாது. அரைக் கிலோவுக்குப் புளிக்காத தயிர் 3 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, அரைத்த உள்ளி இஞ்சி 1 தேக்கரண்டி, குளிர்சாதனப் பெட்டியில் 2 மணிநேரம் போதும். தேசிக்காய்ப்புளி என்றால் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று: நெஞ்சு ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் வால் போல மெலிவு. அப்படியே தாச்சியில் போட்டால் தடித்த பக்கம் வேகுமுன் வால் காய்ந்துவிடும். புத்தகம் விரிப்பது போலக் குறுக்கே கீறி, அரை அங்குலத் தடிப்புக்குச் சமமாக்குங்கள். ஒட்டியிருக்கும் தயிரை வழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது கருகும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் பக்கத்துக்கு 3 முதல் 4 நிமிடம். எடுத்ததும் வெட்டாமல் 5 நிமிடம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்காக நறுக்குங்கள்.

கேள்வி: மகன் உடற்பயிற்சிக்குப் போகிறான். தோலில்லாத நெஞ்சை 25 நிமிடம் கொதிக்கவைத்துக் கொடுக்கிறேன். சத்து தண்ணீரோடு போய்விடுமா? – வாசகி, காரைதீவு

பதில்: புரதம் போகாது. சமைத்த 100 கிராமில் ஏறக்குறைய 30 கிராம் இருக்கும். நீரில் கரையும் பி வகை விற்றமின்களில் ஒரு பங்குதான் அவித்த தண்ணீருக்கு இறங்கும். அதைக் கொட்டாமல் மிளகும் உள்ளியும் போட்டு சூப்பாக்குங்கள், அல்லது கஞ்சிக்கு விடுங்கள்.

ஆனால் 25 நிமிடக் கொதி இறைச்சிக்குத் தண்டனை. குளிர்ந்த தண்ணீர் 1 லீற்றர், உப்பு 2 தேக்கரண்டி, ஒரு துண்டு இஞ்சி, 2 நெஞ்சுத் துண்டுகள். சட்டியோரத்தில் குமிழி வந்ததும் தணலைக் குறைத்து 10 நிமிடம், நூர்த்து மூடி இன்னும் 10 நிமிடம். தடித்த இடத்தைக் கீறிப் பாருங்கள்: சாறு தெளிவாகவும் தசை வெள்ளையாகவும் இருக்கவேண்டும். வெப்பமானி இருந்தால் நடுவில் 74 பாகை செல்சியஸ். இளஞ்சிவப்பும் வழவழப்பும் தெரிந்தால் திரும்ப வெந்நீரில் விடுங்கள்.

கேள்வி: பிறீசரில் இருந்து எடுத்ததை உடனே சமைக்கலாமா? – வாசகர், அக்கரைப்பற்று

பதில்: கட்டியாகப் போட்டால் வெளிப்பக்கம் காய்ந்த பிறகுதான் நடு வேகும். முதல் நாள் இரவே பிறீசரிலிருந்து குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மேசையில் வெளியே விட்டு உருகவைக்க வேண்டாம், நம் வெயிலுக்கு அது ஆபத்து. கழுவுவதென்றால் குழாயை வேகமாகத் திறந்து கழுவாதீர்கள். தெறிக்கும் நீரில் கிருமி குசினி எங்கும் பரவும். ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டுத் தாச்சியில் வையுங்கள். ஈரமான துண்டு பொரியாது, அவியும்.