5ஜி வந்தால் திருகோணமலைக்கு என்ன கிடைக்கும்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மொபைல் வலையமைப்பில் ரேடியோ பிளானிங் என் தொழில். டவர் எங்கே வேண்டும், அன்டெனா எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எத்தனை பாகை சரிக்க வேண்டும் என்று பார்ப்பதுதான் வேலை. ஊர் திருகோணமலை. 5ஜி பற்றிக் கேள்வி கேளுங்கள் என்றதும் வந்தவற்றில் பாதிக்கு மேல் வேகத்தைப் பற்றியவை. என்னைக் கேட்டால் வேகம் கடைசியாகப் பார்க்க வேண்டியது. தாமதம் (டேட்டா போய்ச்சேர எடுக்கும் நேரம்) எவ்வளவு, அப்லோட் எவ்வளவு, டவருக்குப் பின்னால் ஃபைபர் இருக்கிறதா, சேர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்ற நாலும்தான் முடிவு செய்யும். ஏன் என்பது பதில்களில் வரும்.

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, 5ஜில தாமதம் 1 மில்லிசெக்கன் எண்டு சொல்லுறாங்க. அப்ப பப்ஜில பிங் ஒற்றை இலக்கத்துக்கு வந்திருமா?

வராது தம்பி. பிங் என்பது டேட்டா சேர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம். அந்த 1 மில்லிசெக்கன் உங்கள் போனுக்கும் டவருக்கும் இடையிலான ரேடியோப் பகுதிக்கு மட்டும் வைத்த இலக்கு. அதுவும் இயந்திரங்களை இயக்குவது போன்ற விசேட பாவனைக்கு வைத்தது. சாதாரண டேட்டாவுக்கு இலக்கே 4 மில்லிசெக்கன்.

மிச்சத் தூரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபைபருக்குள் ஒளி ஒரு மில்லிசெக்கனில் ஏறக்குறைய 200 கிலோமீற்றர் ஓடும். இங்கிருந்து கொழும்புக்கு 260 கிலோமீற்றர் அளவில். கேம் சேர்வர் சிங்கப்பூரில் இருந்தால் அங்கிருந்து இன்னும் 2,700 கிலோமீற்றருக்கு மேல். போய்வர ஏறக்குறைய 6,000. ஒளிக்கே 30 மில்லிசெக்கன் வேண்டும். எந்த ஜி வந்தாலும் இதைக் குறைக்க முடியாது.

ஆனால் ஒரு நல்ல விஷயம் உண்டு. விளையாட்டில் உங்களைக் கொல்வது 70 என்ற பிங் இல்லை. 70 இருந்தது திடீரென்று 200க்குப் பாய்ந்து திரும்புவதுதான். நெரிசலான 4ஜி டவரில் மாலை நேரத்தில் அது அடிக்கடி நடக்கும். 5ஜியில் அலைவரிசை அகலமாகக் கிடைப்பதால் அந்தப் பாய்ச்சல் நன்றாகக் குறையும். இன்னொன்றையும் கவனியுங்கள். போனின் மேல்மூலையில் 5ஜி என்று காட்டினாலும், டவர்களுக்குப் பின்னால் நின்று எல்லா இணைப்பையும் நடத்தும் மையம் பழைய 4ஜி மையமாக இருக்கலாம். பல நாடுகளில் தொடக்கத்தில் அப்படித்தான் போட்டார்கள். வேகம் கூடும், தாமதத்தில் பெரிய மாற்றம் தெரியாது. முழு 5ஜி மையம் வந்த பிறகுதான் கீழே நான் சொல்லும் பல விஷயங்கள் நடக்கும்.

நிலாவெளியில் டைவிங் வழிகாட்டி: புறாமலைப் பவளப்பாறையையும் திமிங்கிலத்தையும் 360 கமராவில எடுத்து, வெளிநாட்டில விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடி போட்டிருக்கிற ஆக்களுக்கு நேரலையாக் காட்டலாமா?

இந்தக் கேள்விக்காகவே இதைத் தொடங்கலாம் என்று நினைத்தேன். முடியும். ஆனால் மூன்று இடத்தில் இடறும்.

முதலாவது படத்தின் தெளிவு. 4கே 360 படத்தில் சுற்றிவரக் குறுக்காக 3,840 புள்ளிகள். கண்ணாடி போட்டவர் ஒரு நேரத்தில் பார்ப்பது 90 பாகை அளவு, அதாவது காற்பங்கு. அவர் கண்ணுக்குப் போவது 960 புள்ளிதான். பெட்டியில் 4கே என்று போட்டிருக்கும், கண்ணுக்குப் பழைய டீவி மாதிரித் தெரியும். மீனின் செதில் தெரிய வேண்டுமென்றால் 8கே வேண்டும். அதிலும் பார்வைக்குள் வருவது 1,920 புள்ளி.

இரண்டாவது அப்லோட். 8கே 360 நேரலைக்கு 50 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 50 மெகாபிட்) என்று குறைவாகவே வைப்போம். ஒரு மணித்தியாலத்துக்கு 22.5 ஜிபி. இது கரையிலிருந்து மேலே போகவேண்டிய டேட்டா. 3.5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் டவுன்லோடும் அப்லோடும் ஒரே அலையை நேரம் பிரித்துப் பாவிக்கின்றன. பொதுவாகப் பத்தில் ஏழு பங்குக்கு மேல் டவுன்லோடுக்கே ஒதுக்கியிருப்பார்கள், ஏனென்றால் எல்லாரும் பார்ப்பவர்கள். படைப்பவர்கள் கூடினால் இந்தப் பங்கீட்டை மாற்றச் சொல்லி நாங்கள் கேட்கவேண்டும்.

மூன்றாவது தண்ணீர். உப்புத் தண்ணீருக்குள் இந்த அலை ஒரு சென்டிமீற்றர் போவதற்குள் பெரும்பாலும் அடங்கிப்போகும். ஆகவே கமராவிலிருந்து படகுக்கு கேபிள், படகிலிருந்து டவருக்கு ரேடியோ. புறாமலைத் தீவு கரைக்குக் கிட்ட, டவரும் நேரே தெரியும், அங்கே சரிவரும். திமிங்கிலம் பார்க்கும் ஆழ்கடலில் அந்த நம்பிக்கையை வைக்காதீர்கள். பதிவு செய்துகொண்டு வந்து கரையில் ஏற்றுங்கள்.

தலையைத் திருப்பும்போது படம் பிந்தினால் தலை சுற்றும் என்பார்கள். தலை அசைவுக்கும் படம் மாறுவதற்கும் இடையில் 20 மில்லிசெக்கனுக்கு மேல் போகக்கூடாது. 360 வீடியோவில் சுற்றிலும் உள்ள படம் ஏற்கெனவே கண்ணாடிக்கு வந்துவிடுவதால் அதைத் திருப்பிக் காட்டும் வேலையைக் கண்ணாடியே செய்யும். கமரா கடலில் ஆடினால்தான் தலை சுற்றும். ஆட்டத்தை அடக்கும் ஸ்டெபிலைசருக்குக் காசு செலவழியுங்கள்.

நீங்கள் செய்ய நினைப்பதற்கு இந்த ஊரில் ஒரு முன்வரலாறும் இருக்கிறது. 1945இல் செய்தித் தொடர்புச் செய்மதியை எங்கே நிறுத்தலாம் என்று கட்டுரை எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956இல் நண்பர் மைக் வில்சனோடு, கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையடியில் மூழ்கி, பழைய கோணேசர் கோயிலின் கற்களைக் கடலுக்குள் பார்த்தவர். அதே தண்ணீரில் இறங்கும் எங்கள் பிள்ளைகள் அதை உலகத்துக்கு நேரலையாகக் காட்டும் நாளுக்கு நான் ஆசையோடு காத்திருக்கிறேன்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு அக்கா: கோணேசர் கோயில் திருவிழா நேரலை எங்களுக்கு அரை நிமிசம் பிந்தித்தான் வருது. 5ஜி வந்தா சரிவருமா தம்பி?

அந்த அரை நிமிசம் மொபைலால் வருவது இல்லை அக்கா. வீடியோவைச் சில செக்கன் நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, இரண்டு மூன்று துண்டு சேர்ந்த பிறகுதான் உங்கள் திரையில் ஓடவிடுவார்கள். நடுவில் நிற்காமல் ஓடுவதற்காக அப்படி. தாமதம் குறைந்த முறை அந்தத் தளத்தின் செற்றிங்கில் இருந்தால், ஒளிபரப்புகிற தம்பிமார் அதைத் தெரிவுசெய்யலாம்.

5ஜி உதவுவது இந்தப் பக்கத்தில். சனம் நெரிகிற நேரத்தில் எல்லாரும் போனைத் தூக்க, கமராக்காரருடைய அப்லோடும் சேர்ந்து படுத்துவிடும். முழு 5ஜி மையத்தில் வலையமைப்பைத் துண்டாக்கி, ஒரு துண்டை ஒளிபரப்புக்கென்றே ஒதுக்கலாம். தேர்க் கூட்டத்துக்குள்ளும் அம்புலன்சுக்கு ஒரு வழி விட்டு வைக்கிற மாதிரி.

சீனக்குடாப் பக்கம் வேலை செய்யும் ஒருவர்: தொழிற்சாலை, துறைமுகம் எண்டு கனக்கக் கதைக்கிறாங்க. எங்களுக்கு உண்மையா என்ன பிரயோசனம்? வேலை போயிருமா?

ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுகத்தில் நான் மேலே சொன்ன துண்டாக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். இங்கிலாந்தின் ஃபீலிக்ஸ்ரோவிலும் சீனாவின் சிங்தாவோவிலும் கிரேனை 5ஜி ஊடாகத் தூரத்திலிருந்து இயக்கிப் பார்த்தார்கள். இயக்குபவர் உயரக் கூண்டில் குனிந்தபடி இருக்காமல், கீழே ஒரு அறையில் திரைகளுக்கு முன்னால் இருப்பார். ஒரு கிரேனில் பல கமரா, எல்லாமே அப்லோட். படம் பிந்தினால் கொள்கலன் பெட்டி இடிக்கும். ஆகவேதான் அங்கே தாமதமும் நம்பகமும் முக்கியம்.

ஆனால் எங்கள் துறைமுகம் கொழும்பு மாதிரிப் பெட்டித் துறைமுகம் இல்லை. இங்கே இறங்குவது கோதுமை, சீமெந்துக்கான மூலப்பொருள், எண்ணெய். இப்படியான இடத்தில் உயிர்நாடி கொன்வேயர் பெல்ட். நீளப் பெல்டின் கீழே வரிசையாக உருளைகள். ஒரு உருளையின் பெயாரிங் இறுகினால் அது சுழலாமல் நிற்கும், பெல்ட் அதன்மேல் உரஞ்சிச் சூடேறும், தானியத் தூசு உள்ள இடத்தில் தீப்பிடிக்கும். இன்றைக்கு ஒருவர் வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு பெல்ட் நெடுக நடக்கிறார். அதற்குப் பதிலாக வெப்பக் கமராக்கள் நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். உருளையில் ஒட்டும் அதிர்வு சென்சருக்கு 5ஜி தேவையில்லை, அது அனுப்புவது கொஞ்ச டேட்டா. கமராவுக்குத்தான் தேவை.

வைஃபை போதாதா என்று கேட்பீர்கள். உலோகக் கட்டடங்களுக்கு நடுவே ஓடும் வாகனம் ஒரு வைஃபையிலிருந்து மற்றதுக்கு மாறும்போது இணைப்பு அறலாம். மொபைல் வலையமைப்பு இந்தக் கைமாற்றத்துக்கென்றே உருவானது. ஒரு வளாகத்துக்கு மட்டும் தனியார் 5ஜி போட்டால் டேட்டா மதிலுக்கு வெளியே போகவும் தேவையில்லை. சேர்வரும் உள்ளேயே, அப்போதுதான் தாமதம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். எண்ணெய்த் தாங்கிப் பக்கம் வைக்கும் எந்தக் கருவிக்கும் வெடிப்புப் பாதுகாப்புச் சான்றிதழ் இருக்க வேண்டும். இதில் மலிவு பார்க்காதீர்கள்.

வேலை மாறும் என்பது உண்மை. பெல்ட் நெடுக நடந்தவருக்குத்தான் எந்த உருளை எப்படிச் சத்தம் போடும் என்று தெரியும். திரைக்கு முன்னால் அவரையே இருத்திப் பழக்க வேண்டும். நிறுவனம் வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்தால் நீங்கள் இதைக் கேட்க வேண்டும், தொடக்கத்திலேயே கேட்க வேண்டும்.

மூதூரிலிருந்து ஒரு தாதி: தூரத்திலிருந்து சத்திரசிகிச்சை செய்யலாம் எண்டு சொல்லுறது உண்மையா, அண்ணா?

உண்மை. 2001இலேயே நியூயோர்க்கில் இருந்த வைத்தியர்கள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் படுத்திருந்த நோயாளிக்குப் பித்தப்பை எடுத்தார்கள். அது ஃபைபரில், தாமதம் 155 மில்லிசெக்கன் அளவு. 2019 மார்ச்சில் சீனாவில் 5ஜி ஊடாக, ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர் தள்ளியிருந்த நோயாளிக்கு மூளைச் சிகிச்சை செய்தார்கள்.

ஆனால் தங்கச்சி, மூதூருக்கு அதுவா முதலில் வேண்டும்? ஓடுகிற அம்புலன்சில் வயிற்று ஸ்கானை எடுக்க எடுக்க ஆஸ்பத்திரியில் வைத்தியர் பார்த்து, சத்திரசிகிச்சைத் தியேட்டரை முதலே ஆயத்தம் செய்வதுதான் இங்கே உயிர் காக்கும். அதற்கு 1 மில்லிசெக்கன் தேவையில்லை. வழியில் ஒரு வளைவிலும் அறாத சிக்னல் தேவை. நல்ல 4ஜியே போதும், அதை நிறுவனங்களிடம் இன்றைக்கே கேட்கலாம்.

தம்பலகாமத்தில் வயல் செய்பவர்: வயலுக்கு?

நீர்மட்டம், மண் ஈரம் பார்க்கும் சென்சர் ஒரு நாளைக்கு அனுப்புவது ஒரு குறுஞ்செய்தி அளவு டேட்டா. 5ஜிக்காகக் காத்திருக்காதீர்கள் ஐயா. லோரா, என்பி-ஐஓடி போன்ற, கொஞ்ச டேட்டாவை மட்டும் அனுப்பும் மெலிந்த ரேடியோ முறைகள் பற்றரியில் வருசக்கணக்கில் ஓடும்.

குச்சவெளிக் கடற்றொழிலாளி: 5ஜி வந்தா கடல்ல சிக்னல் இன்னும் தூரம் வருமா?

வராது அண்ணன், குறையத்தான் பார்க்கும். 60 மீற்றர் டவர், படகில் 3 மீற்றர் உயரத்தில் போன் என்றால் பூமியின் வளைவு 39 கிலோமீற்றர் அளவில் மறைத்துவிடும். அதற்கு முன்பே போனின் சின்ன சக்தி களைத்துவிடும். 5ஜிக்கு அதிகம் பாவிக்கும் 3.5 கிகாஹேர்ட்ஸ் தூரம் போகாது. கடலுக்கு நல்லது 700, 900 மெகாஹேர்ட்ஸ். ஆழ்கடலுக்குச் செய்மதியும் விஎச்எஃப் ரேடியோவும்தான், அவற்றைக் கைவிடாதீர்கள்.

போன் வாங்க இருப்பவர்: எதைப் பார்த்து வாங்க?

விபரத்தில் என்78 என்ற பாண்ட் (மேலே சொன்ன 3.5 கிகாஹேர்ட்ஸ் 5ஜி அலைவரிசை) இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்பும் போன் என்றால் கட்டாயம் பாருங்கள்.

ஒரு அம்மா: கதிர்வீச்சு, குருவி சாகும் எண்டு சொல்லுறாங்களே?

பயப்படாதீங்கோ அம்மா. இது அணுவிலிருந்து இலத்திரனைப் பிடுங்கும் அளவு சக்தியுள்ள கதிர் இல்லை, டீவி, வைஃபை வரும் அதே வகை ரேடியோ அலை. சர்வதேச வரம்பு இருக்கிறது, பொதுசனம் நிற்கும் இடங்களில் டவரின் அளவு அதற்கு மிகக் கீழே நிற்கும். டவர் கட்டும் இடத்தில் அளந்து காட்டச் சொல்லி நீங்கள் கேட்கலாம்.

நகரத்தில் ஒரு ஆசிரியை: முப்பது பிள்ளைகளுக்கு விஆர் வகுப்பு எடுக்க ஆசை. 5ஜி வரும்வரை பொறுக்கவா?

பொறுக்க வேண்டாம் டீச்சர். முப்பது பேரும் ஒரே நேரத்தில் 50 எம்பிபிஎஸ் இழுத்தால் 1,500 எம்பிபிஎஸ். நல்ல 5ஜி டவரின் ஒரு பக்கம் முழுவதையும் உங்கள் வகுப்பறையே விழுங்கிவிடும், சுற்றியுள்ள வீடுகளுக்கு மிச்சமிராது. பாடத்தை ஒருமுறை டவுன்லோட் செய்து கண்ணாடிகளுக்குள்ளேயே ஏற்றி வையுங்கள். காசு குறைவென்றால் ஐந்து கண்ணாடி, குழுவாக மாறி மாறி.

அதைவிட எனக்குப் பெரிய ஆசை, பிள்ளைகள் பார்ப்பதோடு நிற்காமல் செய்யவும் வேண்டும் என்பது. முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர் என்ற மென்பொருள் இலவசம். ஒரு பொருளைச் சுற்றிவரப் போனில் எடுத்த படங்களிலிருந்து முப்பரிமாண உருவம் செய்யும் மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது. பள்ளிக்கூட முற்றத்தில் நிற்கும் ஒரு பழைய கல்லில் தொடங்கலாம். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் பாதிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும், வெயில் ஏறுமுன் எடுக்க வேண்டும், நிழல் நகர்ந்தால் உருவம் உடையும். கன்னியா வெந்நீரூற்று, பிரட்றிக் கோட்டை என்று போக நினைத்தால் தொல்பொருள் திணைக்களத்திடம் முதலே எழுத்தில் கேளுங்கள். ட்ரோன் வேண்டாம். அதற்கு வேறு அனுமதி வேண்டும், கடற்படைத் தளம் உள்ள ஊரில் அது லேசில் கிடைக்காது. உங்கள் பிள்ளைகள் செய்யும் முதல் உருவத்தை எனக்கு அனுப்புங்கள், எந்தக் கண்ணாடியில் எப்படி ஏற்றுவது என்று நானே வந்து காட்டுகிறேன்.