ஆறடி தொட்டியில சிக்லிட் மீன் வளக்கணும்னா மொதல்ல கெணத்து வெள்ளத்த பாருங்க

கேள்வி: நான் திருவட்டார் பக்கம். ரெண்டு ஏக்கர் ரப்பர், கொஞ்சம் ஏத்தன் வாழை. போன வருசம் தார்ப்பாய் தொட்டியில திலாப்பியா வளத்தேன், மோசமில்ல. இப்ப வீட்டு மாடி ஹால்ல ஆறடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி ஒசரத்துல கண்ணாடி தொட்டி வச்சு சிக்லிட் குடும்பத்து மீன அழகுக்கு வளக்கலாம்னு ஆசை. மஞ்சள், நீலம் ஆப்பிரிக்கன் கொஞ்சம், ஆஸ்கர் ரெண்டு, ஃப்ளவர்ஹார்ன் ஒண்ணு, ஏஞ்சல், கூட மணக்குடி காயல்ல இருந்து கரிமீன் குஞ்சு, எல்லாம் சேத்து விடலாமா? குஞ்சு பொரிச்சா விக்கலாம்லா? ஒரு விசயம், போன மாசம் சின்ன தொட்டியில 8 மஞ்சள் மீன் விட்டேன். ஆப்பிரிக்கன் மீனுக்கு பி.எச்., அதான் தண்ணியோட புளிப்பு-கார அளவு, கூட வேணும்னு கேள்விப்பட்டு ஒம்பதாம் நாள் கொஞ்சம் நீத்துச் சுண்ணாம்பு கலக்கி ஊத்தினேன், மறுநாள் விடிஞ்சு பாத்தா 6 செத்துக் கெடக்கு. கடைக்காரரு வெள்ளம் சரியில்லன்னாரு.

பதில்: அண்ணாச்சி, கடைக்காரரு சொன்னது பாதிதான் சரி. உங்க வெள்ளத்துல குத்தம் ஒண்ணும் இல்ல, குடிக்க நல்லா கொள்ளாம், ஆனா நீங்க வாங்குன மீனுக்கு அது ஒத்துவராத வெள்ளம், அத ஒரே நாளுல ஒத்துவர வைக்கப் பாத்தீங்க பாருங்க, அதான் வினை.

என்ன நடந்திருக்கும்னா, மீனு செவுள் வழியா அமோனியா விடும், ரப்பர் பாலு கட்டியாவாம இருக்க நீங்க ஊத்துவீங்கல்லா அதே சாதனம்தான். புது தொட்டியில அத தின்னு தீக்குற பாக்டீரியா கெடையாது, அதனால ஒம்பது நாளும் சேந்துகிட்டே இருந்திருக்கும். ஆனா உங்க வெள்ளம் புளிப்பு வெள்ளம், பி.எச். 6.5 கிட்ட இருந்தா அமோனியாவுல விசமா நிக்கறது ஆயிரத்துல ரெண்டு பங்குதான், மிச்சம் எல்லாம் அம்மோனியம்னு அவ்வளவு கெடுதல் இல்லாத வடிவத்துல சும்மா கெடக்கும். நீங்க சுண்ணாம்ப ஊத்துனதும் பி.எச். 8.5க்கு ஏறியிருந்தா, நம்ம ஊரு சூட்டுல அதே அமோனியாவுல நூத்துக்கு 18 பங்கு விசமாயிரும். மீனும் கூடல்ல, தீனியும் கூடல்ல, ராத்திரியோட ராத்திரி விசம் மட்டும் எம்பது மடங்குக்கு மேல ஏறிப்போச்சு. போதாததுக்கு பி.எச். திடீர்னு மாறுன அதிர்ச்சி வேற. குளத்துக்கு சுண்ணாம்பு போட்ட பழக்கம், நானும் ஆரம்பத்துல இதே மாதிரி ஒரு தொட்டிய காலி பண்ணுன ஆளுதான், அதனால வெக்கப்பட வேண்டாம்.

இப்ப பெரிய தொட்டிக்கு வருவோம். மீன் பட்டியல நீங்க எழுதி வச்சிருக்கீங்க, ஆனா அத எழுத வேண்டியது நீங்க இல்ல, உங்க கெணறு. திருவட்டார், குலசேகரம் பக்கம் செம்மண்ணும் வெட்டுக்கல்லும் உள்ள எடத்துல கெணத்து வெள்ளம் பெரும்பாலும் மென்மையா, லேசா புளிப்பாத்தான் இருக்கும், துணி தொவைக்கும்போது சோப்பு நல்லா நொரைக்கும்லா, அதே அடையாளம். ஒரு பக்கெட் வெள்ளம் கோரி உடனே பி.எச். பாருங்க, பொறவு அதுல ஏர் பம்புல மாட்டுற காத்து கல்லப் போட்டு ராத்திரி பூரா ஓடவிட்டு காலையில திரும்ப பாருங்க. கெணத்து வெள்ளத்துல கரியமில வாயு கரைஞ்சிருக்கும், அது வெளிய போனா பி.எச். தானா கொஞ்சம் ஏறும், அந்த ரெண்டாவது கணக்குதான் தொட்டிக்கு உள்ள கணக்கு. கூடவே கே.எச்., அதான் கார்பனேட் கடினத்தன்மை, பாக்குற டெஸ்டும் வாங்குங்க, சின்ன குப்பிதான். பி.எச். எங்க நிக்கும், எவ்வளவு ஆடும்ங்கறத அதுதான் சொல்லும்.

நீங்க சொன்ன மஞ்சளும் நீலமும் ஆப்பிரிக்காவுல உள்ள மலாவி ஏரி மீனு. அந்த ஏரி வெள்ளம் பி.எச். 7.7ல இருந்து 8.6 வரைக்கும், கடினத்தன்மை உள்ளது. ஆஸ்கரும் ஏஞ்சலும் அமேசான் பக்கம், மென்மையான புளிப்பு வெள்ளத்துல பொறந்து வளந்த சாதி, நேரா உங்க கெணத்துக்கு சொந்தக்காரங்க மாதிரி. ஃப்ளவர்ஹார்ன் எந்த ஆத்துலயும் கெடையாது, மத்திய அமெரிக்கா சிக்லிட்டுகள கலந்து 1990கள்ல மலேசியாவுல உண்டாக்குன கலப்பு. கரிமீனு உப்பும் நல்லதண்ணியும் கலந்த காயல் மீனு, நல்லதண்ணியிலயும் பொழைக்கும், ஆனா காயல்ல பிடிச்சத நேரா உங்க புளிப்பு வெள்ளத்துல கொண்டு விட்டா ஒரு வாரம் தாங்காது. கரிமீனும் சிக்லிட் குடும்பம்தான்னு நம்ம ஆளுவளுக்கு பாதிப் பேருக்கு தெரியாது, பொள்ளிச்சு தின்னத்தான் தெரியும், நம்ம நாட்டுக்குன்னு உள்ள சிக்லிட் மொத்தமே மூணு வகைதான், அதுல இது ஒண்ணு. நீங்க வளத்த திலாப்பியாவும் இந்தக் குடும்பந்தான், 1952ல வெளிய இருந்து கொண்டு வந்தது. ஆண் திலாப்பியா குழி தோண்டி எடம் பிடிச்சு மத்தத அடிச்சு வெரட்டுனத பாத்திருப்பீங்க, அந்தக் கொணம்தான் எல்லாத்துக்கும். அதனால எல்லாம் சேத்து விடலாமான்னா, விடப்பிடாது. ஒரு மாசத்துல ஃப்ளவர்ஹார்ன் மட்டும் மிச்சம் நிக்கும்.

என் யோசனை இதுதான், பெரிய தொட்டி தென்னமெரிக்கா மீனுக்கு. ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு ரெண்டு ஆஸ்கரும், செவரம்னு இன்னொரு தென்னமெரிக்கா சிக்லிட் ரெண்டு மூணும். ஆஸ்கர் ஒவ்வொண்ணும் ஒரு அடி வளரும், கடையில விரல் நீளத்துல பாத்து எட்டு பத்து வாங்கிராதீங்க. இல்லன்னா ஏஞ்சல் குஞ்சு எட்டோ பத்தோ, அதுல ஜோடி தானா சேரும், சேந்ததும் மிச்சத்த மாத்திரணும். ஆஸ்கரையும் ஏஞ்சலையும் சேக்காதீங்க, வளந்த ஆஸ்கர் வாயில கொள்ளுறது எல்லாம் அதுக்கு தீனி. ஃப்ளவர்ஹார்ன் வேணும்னா தனியா நாலடி தொட்டி, தனிக் குடித்தனம். மலாவி மேல ஆசை விடலைன்னா அதுக்கும் வேற தொட்டி, அதுல சிப்பி ஓட்ட வலைப்பையில கட்டி ஃபில்டருக்குள்ள போட்டா மெதுவா கரைஞ்சு பி.எச்.ச ஏத்தி அங்கேயே நிறுத்தும், சுண்ணாம்பு மாதிரி ஒரே அடியா தூக்காது. சிப்பி ஓடு நம்ம கடக்கரையில கெடைக்கும், ஆனா பவளப்பாறை துண்டு எடுக்காதீங்க, வனவிலங்கு சட்டத்துல கேசாகும்.

மாடி விசயம். இதத்தான் மொதல்ல சொல்லியிருக்கணும். உங்க அளவுக்கு மேல ரெண்டு இஞ்ச் விட்டு நிரப்பினாலும் 620 லிட்டர் வெள்ளம், அதாவது 620 கிலோ. 12 மில்லி கண்ணாடி மட்டுமே 120 கிலோ வரும், கல்லு, மணல், ஸ்டாண்டு எல்லாம் சேத்தா 850 கிலோவ தாண்டும், அது நிக்கறது 12 சதுர அடியில. வீட்டு கான்கிரீட் தளம் சாதாரணமா சதுர அடிக்கு 20 கிலோ கிட்ட தாங்குற கணக்குல போடுவாங்க, இங்க 70 கிலோ. கீழ பீம் ஓடுதான்னு இஞ்சினியர் பாத்து சொல்லாம மாடியில வைக்கவே வேண்டாம், கீழ்த்தளத்துல வச்சிருங்க, வெள்ளம் மாத்தவும் எளுப்பம். ஸ்டாண்டுக்கு அயினி தடி இல்லன்னா ரெண்டு இஞ்ச் இரும்பு ஸ்கொயர் பைப்பு. தோட்டத்துல வெட்டுன ரப்பர் தடி சும்மாதான கெடக்குன்னு அதுல செஞ்சிராதீங்க, ஈரம் பட்டா வண்டு தொளைச்சிரும். அடியில தெர்மாகோல் விரிச்சு வைங்க, வெள்ளம் நிரப்பி மூணு நாள் வெளிய வச்சு ஒழுகுதான்னு பாத்துட்டுத்தான் வீட்டுக்குள்ள எடுக்கணும்.

மணலு, கடக்கரை மணல் வேண்டவே வேண்டாம், அதுலயும் மணவாளக்குறிச்சி பக்கத்து கறுத்த மணல் பாக்க அழகா இருக்கும், ஆனா அது இல்மனைட்டு, மோனசைட்டு எல்லாம் உள்ள தாது மணல், மோனசைட்டுல தோரியம் இருக்கு, எடுக்கறதும் குத்தம். தண்ணி சுத்திகரிப்பு சாமான் விக்கிற கடையில ஃபில்டர் மணல் கெடைக்கும், பத்து தடவ கழுவி ரெண்டு இஞ்ச் போடுங்க. கல்லு நம்ம குவாரி கருங்கல் போதும், ஆனா மணலுக்கு மேல வைக்காதீங்க, சிக்லிட் அடிய தோண்டும், கல்லு சரிஞ்சா கண்ணாடி போச்சு. மொதல்ல கல்லு, பொறவு சுத்தி மணல். செடி வைக்கணும்னு ஆசைப்பட்டா ஏஞ்சல் தொட்டியில வைங்க, ஆஸ்கர் ரெண்டே நாளுல பிடுங்கி மேல மிதக்க விட்டுரும்.

ஃபில்டருக்கு கீழ சம்ப் தொட்டி, அதாவது மேல உள்ள வெள்ளம் எறங்கி சுத்தமாகி பம்ப் வழியா திரும்ப ஏறுற சின்ன தொட்டி, வைக்கறதுதான் நல்லது, மூணடிக்கு ஒண்ணரை அடி, மணிக்கு 3000 லிட்டர் பம்ப். உள்ள பாக்டீரியா குடியிருக்க வெல கூடுன மீடியா ஒண்ணும் வேண்டாம், பாத்திரம் தேய்க்கிற பிளாஸ்டிக் நார் ஒரு சாக்கு போட்டாலும் வேல செய்யும். சம்ப்ப முக்கால் பங்குக்கு மேல நிரப்பாதீங்க, கரண்டு போனா மேல உள்ள வெள்ளம் குழாய் வழியா கீழ எறங்கும், ஆறடி தொட்டியில ஒரு இஞ்ச் எறங்குனாலே 28 லிட்டர். திரும்பி வர்ற குழாய்ல வெள்ள மட்டத்துக்கு கீழ ஒட்டி ஒரு சின்ன துளை போட்டுருங்க, அதுவழியா காத்து ஏறி நின்னுரும். கரண்டுன்னதும் 2017 ஒக்கி புயல்தான் ஞாபகம் வருது, எத்தனை நாள் இருட்டுல கெடந்தோம், வெள்ளம் மாத்தலைன்னா கூட மீனு தாங்கும், காத்து இல்லன்னா ஒரு ராத்திரி தாங்காது. பேட்டரியில ஓடுற ஏர் பம்ப் ரெண்டு எப்பவும் வீட்டுல இருக்கணும்.

இனி பொறுமை வேண்டிய எடம். மீனு விடாம நாலுல இருந்து ஆறு வாரம் தொட்டிய ஓட்டணும், பாக்டீரியா வளர. அதுக்கு அமோனியா வேணும், அது உங்ககிட்ட இருக்கவும் செய்யுது. 10 சதவீத கரைசல் 12 மில்லி ஊத்துனா 620 லிட்டர்ல 2 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்துல ரெண்டு பங்கு கிட்ட வரும், கணக்கு அவ்வளவுதான், ஆனா சுத்தமான அமோனியாவா இருக்கணும், பால் கெடாம இருக்க டி.எம்.டி.டி., சிங்க் ஆக்சைடு கலந்தது கூடவே கூடாது. டெஸ்ட் கிட்டுல அமோனியா எறங்கும், பாக்டீரியா அத மாத்துறதுல வர்ற நைட்ரைட் ஏறும், பொறவு அதுவும் எறங்கும், அமோனியா ஊத்தி ஒரே நாளுல அமோனியா, நைட்ரைட் ரெண்டும் பூச்சியமாச்சுன்னா தொட்டி தயார். பி.எச். 6.5க்கு கீழ போனா இந்த பாக்டீரியா மந்தமாயிரும், அப்ப ஒரு கைப்பிடி சிப்பி ஓடு போதும். அவசரம்னா, நல்லா ஓடுற தொட்டி வச்சிருக்க ஆளுகிட்ட பழைய ஃபில்டர் பஞ்ச் கொஞ்சம் கேட்டு வாங்கிப் போடுங்க, பாதி நாள் மிச்சம்.

மீனு விட்ட பொறவு வாரம் 25, 30 சதவீதம் வெள்ளம் மாத்தணும், அந்த வெள்ளத்த வாழைக்கு விடுங்க, நைட்ரேட் உரம் சும்மா கெடைக்குது. தீனி, ஆஸ்கருக்கு பெல்லட், எடைக்கிட மண்புழு, தோடு களைஞ்ச இறால். சாளையும் நெத்தோலியும் மலிவா கெடைக்குதுன்னு தினமும் பச்சையா போடாதீங்க, மேல எண்ணப் படலம் கட்டும், அந்த மாதிரி மீனு பலதுல வைட்டமின் பி1ஐ அழிக்கிற நொதியும் உண்டு. மலாவி மஞ்சளும் நீலமும் வச்சா ஸ்பைருலினாங்கற பாசி சேத்த பெல்லட் மட்டும், பாறையில பாசி மேயுற நீலத்துக்கு கறி, ரத்தப்புழு போட்டா வயிறு ஊதிச் சாகும்.

ரப்பர்காரங்களுக்குன்னு ரெண்டு எச்சரிக்கை. மழைக்கு முன்ன இலை உதிர்வுக்கு துரிசு, அதான் மயில்துத்தம், கலந்து அடிப்பீங்கல்லா, செம்பு மீனுக்கு கொடிய விசம், உங்களுத மாதிரி மென்மையான வெள்ளத்துல இன்னும் கொடுமை. மருந்து அடிக்க நாளுல கெணத்த மூடி வைங்க, அந்த வாரம் வெள்ளம் மாத்தாதீங்க. பாலு எடுத்த பக்கெட், ஃபார்மிக் ஆசிட் கலக்குன பாத்திரம் எதையும் தொட்டிப் பக்கம் கொண்டு போகாதீங்க, மீனுக்குன்னு தனி பக்கெட் வாங்கி கலர் அடையாளம் போட்டுருங்க, இல்லன்னா வேலைக்கு வர்றவங்க மாத்தி எடுத்துருவாங்க.

விக்கிற ஆசை, ஒரு அழகுத் தொட்டியில இருந்து வருமானம் வராது, உள்ளத சொல்லணும்லா. ஏஞ்சல் ஜோடிய தனி ரெண்டடி தொட்டிக்கு மாத்தி, சாய்ச்சு வச்ச ஓட்டுலயோ பைப்புலயோ முட்ட போடவிட்டா ரெண்டு மூணு நாளுல பொரியும், இன்னும் ஒரு அஞ்சாறு நாள் கழிச்சு நீந்த ஆரம்பிக்கும், அன்னைக்கு ஆர்ட்டீமியா, அதான் உப்புத் தண்ணியில பொரிக்கிற பொடி இறால் மாதிரி உயிரி, அதோட குஞ்சு தீனிக்கு தயாரா இல்லைன்னா அத்தனையும் போகும். மலாவி மீனு இதுல சுலபம், தாய் மூணு வாரம் முட்டையையும் குஞ்சையும் வாயிலயே வச்சிருக்கும், வெளிய வரும்போதே பொடிச்ச தீனிய தின்னும். தொழிலா செய்யணும்னா உங்க தார்ப்பாய் தொட்டி இருக்க எடத்துல நாலஞ்சு சிமென்ட் தொட்டி கட்டுங்க, 2020ல தொடங்குன பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்துல அலங்கார மீனுக்கு மானியம் குடுத்தாங்க, பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. ஆளுவளுக்கும் 60, அது இப்பவும் உண்டா, விண்ணப்பம் வாங்குறாங்களான்னு நாகர்கோவில் மீன்வளத்துறை ஆபீஸ்ல கேளுங்க. வளந்து பெருத்த மீனயோ, கடையில டேங்க் கிளீனர்னு தலையில கட்டுற சக்கர் மீனயோ எந்தக் குளத்துலயும் ஆத்துலயும் விட்டுராதீங்க, நம்ம குளத்துல உள்ள நாட்டு மீனு ஏற்கனவே திலாப்பியாகிட்ட பட்டது போதும்.

மிச்சம் உள்ள ரெண்டு மஞ்சள் மீன இப்ப எங்கயும் மாத்தாதீங்க, தினமும் அஞ்சுல ஒரு பங்கு வெள்ளம் மட்டும் மாத்திட்டு வாங்க, பி.எச். தானா மெதுவா எறங்கட்டும், தீனி ரெண்டு நாளைக்கு ஒருக்க கொஞ்சம் போதும். பக்கெட் டெஸ்டு ரெண்டு பி.எச்.சும் கே.எச்.சும் எழுதி அனுப்புங்க, ஆஸ்கரா ஏஞ்சலான்னு அத பாத்துட்டு சொல்லுதேன்.