மாவுக்கட்டு பிரித்தபின் காலை நடை: எவ்வளவு நடக்கலாம் என்பதை யார் முடிவு செய்வது?

கேள்வி: எனக்கு வயது 54. எட்டு ஆண்டுகளாக நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரம் நடந்து வந்தேன். படியில் தவறி விழுந்து வலது கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு முறிந்ததில், அறுவை சிகிச்சை இல்லாமல் ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்தேன். கட்டைப் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். மறுநாளே நாற்பது நிமிடம் நடந்தேன். அன்றிரவு கால் வீங்கி, இரண்டு நாள் ஊன்றவே முடியவில்லை. பயந்துபோய் நடப்பதையே நிறுத்திவிட்டேன். மூன்று மாதம் காலை அசைக்கவே கூடாது என்கிறார் ஒருவர். முப்பது அமர்வுகளுக்கு முன்பணம் கட்டினால் கருவி வைத்து வீக்கத்தை முழுதாக எடுத்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். இத்தனை ஆண்டு நடைப் பழக்கம் விட்டுப்போய்விடுமோ என்பதுதான் என் கவலை. என்ன செய்வது?

பதில்: முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். எலும்பு மருத்துவர் 'நடக்கலாம்' என்று சொல்லும்போது, பெரும்பாலும் அவர் மனத்தில் இருப்பது 'ஊன்றலாம்' என்பதுதான். முறிந்த இடம் உடலின் பாரத்தைத் தாங்கும் அளவுக்குக் கூடிவிட்டது என்பது எக்ஸ்ரே அவருக்குச் சொன்ன செய்தி. ஆறு வாரம் அசையாமல் இருந்து இறுகிப்போன மூட்டும், மெலிந்துபோன ஆடுதசையும், தரையின் மேடுபள்ளத்தை உணர்ந்து கணத்தில் காலைச் சரிசெய்துகொள்ளும் திறன் மங்கிப்போனதும் அந்தப் படத்தில் விழுவதில்லை. ஊன்றுவதிலேயே எங்கள் துறையில் பல படிகள் உண்டு: காலைத் தரையில் வைக்கவே கூடாது, விரல் மட்டும் படலாம், ஓரளவு பாரம் போடலாம், தாங்குகிற அளவு போடலாம், முழுப் பாரமும் போடலாம். உங்களுக்கு இவற்றில் எந்தப் படி என்பது உங்கள் கோப்பில் இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கமாகக் கிடக்கும். அதை நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்லத்தான் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. மாவுக்கட்டை வெட்டி எடுக்க அறையும் கருவியும் ஆளும் வைத்திருக்கிற இடத்தில், கட்டு நீங்கிய காலோடு முதல் பத்து அடி எப்படி வைப்பது என்று காட்டுவதற்கு ஒருவர் இருப்பது அபூர்வம். பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தாலும், முறை வருவதற்குள் நோயாளி தானாகவே நொண்டி நடக்கப் பழகிவிடுகிறார். ஆகவே நீங்கள் நாற்பது நிமிடம் நடந்ததை உங்கள் குற்றமாக நான் எண்ணவில்லை.

மூன்று மாதம் அசைக்கக் கூடாது என்ற அறிவுரையை நீங்கள் மறந்துவிடலாம். ஊன்ற அனுமதி கிடைத்த காலைச் சும்மா வைத்திருந்தால் மூட்டு மேலும் இறுகும், தசை மேலும் மெலியும். அதைத் தவிர அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

பழக்கம் விட்டுப்போய்விடுமோ என்று கேட்கிறீர்கள். எட்டு ஆண்டுகளாக உங்களை எழுப்பி வெளியே அனுப்பியது அந்தக் காலை வேளை. அதை விட்டுவிடாதீர்கள், அதே நேரத்தில் எழுந்து, அதே காலணியை அணிந்து, அந்த ஒரு மணி நேரத்தையும் காலுக்கே ஒதுக்குங்கள். ஆனால் அதற்குள் செய்கிற காரியம் சில மாதங்களுக்கு வேறாக இருக்கட்டும். சமதளத்தில் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு உட்காருங்கள். காலை நீட்டி, பாதத்தை முன்னும் பின்னும் இருபது முப்பது முறை மடக்கி நீட்டுங்கள். ஒரு துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, ஆடுதசையில் இழுவை தெரியும் அளவுக்கு அரை நிமிடம் உங்களை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். இதை மூன்று நான்கு முறை செய்யலாம். நாற்காலியில் அமர்ந்தபடியே குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். பிறகு மீண்டும் ஐந்து நிமிடம் நடை. பகலிலும் மாலையிலும் இதே போல ஐந்தைந்து நிமிடம். ஒரு நாளில் நான்கு முறை என்று தொடங்கினால் போதும். ஒரே மூச்சில் நாற்பது நிமிடம் நடந்து வீங்கிய அதே கால், இருபது நிமிடத்தை நான்காகப் பிரித்துக் கொடுத்தால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். இடையில் கிடைக்கும் ஓய்வில் தேங்கிய நீர் வடிய நேரம் கிடைக்கிறது.

அதற்கு மேல் எவ்வளவு கூட்டலாம் என்பதை நானோ உங்கள் கைக்கடிகாரமோ முடிவு செய்ய முடியாது. மறுநாள் காலையில் உங்கள் கால்தான் முடிவு செய்ய வேண்டும். நடக்கும்போது பத்துக்கு மூன்று என்று சொல்லத்தக்க வலி இருந்தால் பயப்பட வேண்டாம். அது அன்றிரவு தூக்கத்தைக் கெடுக்காமலும், மறுநாள் எழுந்து வைக்கும் முதல் அடிகளில் முந்தைய நாளைவிடக் கூடாமலும் இருந்தால், நேற்று நடந்த அளவு சரியான அளவு. ஒரு தையல் நாடாவை எடுத்து, கணுக்கால் முட்டுகளுக்குச் சற்று மேலே எப்போதும் ஒரே இடத்தில், எழுந்ததும் சுற்றளவை எடுத்துக் குறித்து வையுங்கள். மூன்று நாள் தொடர்ந்து வலியும் அளவும் கூடவில்லை என்றால், ஒவ்வொரு நடையிலும் இரண்டு நிமிடம் சேர்க்கலாம். கூடியிருந்தால் அன்று பாதியாகக் குறைத்து, அடங்கியபின் முந்தைய அளவிலிருந்து தொடருங்கள். முழுதாக நிறுத்த வேண்டியதில்லை. நேரம், வேகம், சரிவு ஆகிய மூன்றில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது தொந்தரவு கொடுத்தது என்பது தெரியாமலே போகும். இப்படிப் போனால் பழைய ஒரு மணி நேரத்தை எட்ட மூன்று நான்கு மாதம் ஆகலாம். நடைக்குமுன் வலி மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்; அவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியவரின் வாயைக் கட்டிவிட்டு வழக்கு நடத்துகிறார்கள்.

பத்தாயிரம் அடி என்ற கணக்கையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி அளவியின் பெயரிலிருந்து பரவியது. 'மன்போ-கெய்' என்ற அந்தப் பெயருக்கே பத்தாயிரம் அடி அளவி என்றுதான் பொருள். முறிந்து கூடிய கணுக்காலுக்காக யாரும் ஆராய்ந்து சொன்ன கணக்கு அல்ல அது. நொண்டி வைத்த அடியையும் நேராக வைத்த அடியையும் அந்தக் கருவி ஒன்றாகவே எண்ணும்.

நொண்டல்தான் நான் அஞ்சுவது. கணுக்கால் முன்பக்கமாகப் போதிய அளவு மடங்காதபோது, கால் தானாகவே வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும், முழங்கால் பின்னோக்கி வளையும், இடுப்பு ஒருபுறம் சாயும். சில வாரங்களில் கணுக்கால் வலி தீர்ந்து முழங்கால் வலி தொடங்கும். ஆகவே நொண்டல் இருக்கும்வரை கைத்தடியை விடாதீர்கள். அதை நல்ல காலின் பக்கத்துக் கையில், அதாவது உங்களுக்கு இடது கையில், பிடித்து, அடிபட்ட வலது காலோடு சேர்த்து முன்வைக்க வேண்டும். பலரும் வலிக்கிற பக்கமே பிடித்து அந்தப் பக்கமாகச் சாய்ந்து நடக்கிறார்கள். விற்றவரும் சொல்வதில்லை, கொடுத்தனுப்பிய இடத்திலும் சொல்வதில்லை. காலணியோடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். நீண்ட அடியும் குறுகிய அடியுமாக விழாமல், வேகத்தைக் குறைத்தாவது இரண்டும் சம நீளமாக விழும்படி பாருங்கள்.

இனி வீக்கத்துக்கும் அந்த முப்பது அமர்வுகளுக்கும் வருகிறேன். கணுக்கால் முறிவுக்குப் பின் மாலையில் வீங்குவதும் காலையில் வடிவதும் பல மாதங்கள், சிலருக்கு ஆறு மாதத்துக்கு மேலும், நீடிக்கும் சாதாரண நிகழ்வு. காலில் இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளும் வேலையில் பெரும்பங்கு ஆடுதசையுடையது. அது மெலிந்திருக்கும்வரை நீர் தேங்கத்தான் செய்யும். கருவி ஒன்று அந்த நீரை ஒரு மணி நேரத்துக்கு நகர்த்திவிடலாம், ஆனால் தசையை அது வளர்ப்பதில்லை. மாலையில் வீக்கம் திரும்ப வரும், நீங்களும் அமர்வுக்குத் திரும்பப் போவீர்கள். எந்தக் காலையும் பார்ப்பதற்கு முன்பே முப்பது என்று எண்ணிக்கை சொல்பவருக்கு உங்கள் காலைப் பற்றி என்ன தெரியும்? முறிவு வேறு, வயது வேறு, உடல் எடை வேறு. எல்லாருக்கும் முப்பதுதான் என்றால் அது சிகிச்சையின் கணக்காக இருக்க முடியாது. உங்களை அங்கே அழைத்துப் போகிறவருக்கு அந்த முன்பணத்தில் பங்கு உண்டா என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். நல்ல பிசியோதெரபிஸ்ட் முதல் நாளில் உங்களை எழுந்து நடக்கச் சொல்லிப் பார்ப்பார், இரண்டு கணுக்கால்களும் எவ்வளவு மடங்குகின்றன என்று ஒப்பிட்டு அளப்பார், வீட்டில் செய்ய மூன்று நான்கு பயிற்சிகள் சொல்லிக் கொடுத்து, ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்து பார்ப்பார். படுக்கவைத்துக் கம்பியை ஒட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போகிறவரிடம் ஒரு அமர்வுக்கு மேல் செல்லாதீர்கள். பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்ப வருமா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் தராத இடத்தில் முதல் அமர்வுக்கும் போக வேண்டாம். இத்தகைய அமர்வுகளோடு சேர்ந்தே வருகிற இறுக்கமான கணுக்கால் உறை, சிறப்புப் பாதத் திண்டு, இரத்த ஓட்டத்தைப் பெருக்கும் காந்தப் பட்டை ஆகியவற்றைப் பற்றி நான் தனித்தனியாகச் சொல்லப் போவதில்லை. உங்கள் பழைய நடைக் காலணி நழுவாமல், குதிகால் ஒருபுறம் தேயாமல் இருந்தால் அதுவே போதும்.

வீங்கிய காலை அழுத்தி உருவிவிட யாரையும் அனுமதிக்காதீர்கள். நீண்ட நாள் அசையாமல் இருந்த காலின் ஆழ்ந்த சிரைகளில் இரத்தம் உறைந்திருக்கும் வாய்ப்பு உண்டு. ஒரு காலின் ஆடுதசை மட்டும் வீங்கி, தொட்டால் வலித்து, சூடாக இருந்து, இரவு முழுக்கக் காலை உயர்த்தி வைத்தும் காலையில் வடியவில்லை என்றால், நடையும் பயிற்சியும் வேண்டாம், அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். திடீரென மூச்சுத் திணறலோ மார்பு வலியோ வந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போக வேண்டும்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை: உங்களுக்கு நீரிழிவு நோய் உண்டா? இதுவரை நான் சொன்ன எல்லாமே, கால் உண்மையைச் சொல்லும் என்ற நம்பிக்கையில் நிற்கின்றன. பல ஆண்டு நீரிழிவினால் பாதத்து நரம்புகள் மரத்துப்போனவர்களுக்கு அந்தச் சாட்சி ஊமையாகிவிடுகிறது. பத்துக்கு மூன்றுக்கு மேல் வலித்தால் குறையுங்கள் என்று நான் சொல்ல, வலிக்கவே இல்லையே என்று அவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கிப் பாதத்தின் வளைவே சரிந்துபோன பிறகுதான் காலணி பொருந்தவில்லை என்று வருவார்கள். இந்தக் கேடு பல நேரங்களில் சிறு அடிபட்ட காலிலோ, அண்மையில் முறிந்த காலிலோ தொடங்குகிறது. வெளியே தெரிவது சூடும் சிவப்பும் வீக்கமும் மட்டும். அதைப் புண், சீழ், சுளுக்கு என்று தவறாக எண்ணி வாரக்கணக்கில் கடத்துவதை மருத்துவமனைகளிலேயே பார்க்கிறோம். ஆகவே நீரிழிவு இருந்தால், நடையைத் தொடங்கும் முன், 10 கிராம் அழுத்தத்துக்கு வளையும் நைலான் இழையால் பாதத்தின் உணர்வைச் சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலைதான். கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் பல இடங்களில் செய்வதில்லை. உணர்வு குறைந்திருந்தால் வலியை வைத்து அளவைக் கூட்டும் முறை உங்களுக்குப் பொருந்தாது. நாள்தோறும் இரண்டு பாதங்களின் ஒரே இடத்தின் வெப்பத்தை அளந்து ஒப்பிட வேண்டும். அடிபட்ட பாதம் மற்றதைவிட 2 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருந்தால், வலி துளியும் இல்லாவிட்டாலும் அன்றைய நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கணுக்கால் முறிவு கூடிய அண்மைக்காலத்தில் அந்தப் பாதம் சற்றுச் சூடாகவே இருக்கக்கூடும் என்பதால், எந்த அளவிலிருந்து கணக்கிடுவது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். நீரிழிவு இல்லையென்றால் இந்தப் பத்தி உங்களுக்கு இல்லை. உங்கள் வயதில் தனக்கு அது இருப்பதே தெரியாதவர்கள் பலர் என்பதால், ஒரு இரத்தப் பரிசோதனை செய்துவிட்டு இல்லை என்று சொல்லுங்கள்.

பத்துப் பதினைந்து நிமிடம் நொண்டாமல் நடக்க முடிந்தபின், ஒரு நாற்காலியைப் பிடித்தபடி அடிபட்ட காலால் மட்டும் நிற்கப் பழகுங்கள். பிடிக்காமல் அரை நிமிடம் நிற்க முடிந்தால், மேடுபள்ளமான பாதைக்குப் போகலாம். நின்றபடி இரண்டு குதிகாலையும் உயர்த்தும் பயிற்சியை அதற்கு முன்பே தொடங்கி, மெல்ல ஒற்றைக் காலுக்கு மாறுங்கள்.

நாளை காலை ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்தும் பத்து நிமிடம் நொண்டாமல் நடக்க முடியவில்லை என்றால், அல்லது முறிந்த இடத்தை விரலால் அழுத்தும்போது எலும்பிலேயே கூர்மையாக வலித்தால், சுற்றளவும் நடந்த நிமிடங்களும் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு கட்டைப் பிரித்த மருத்துவரிடமே போங்கள். அவர் மறுபடியும் 'நடக்கலாம்' என்று ஒரே சொல்லில் அனுப்பப் பார்த்தால் எழுந்துவிடாமல், எவ்வளவு பாரம், எத்தனை நிமிடம், தடியோடா இல்லாமலா என்று கேட்டு, பதிலை அந்தத் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.