சியாபாஸ் மாயா மக்களுக்குச் சுயாட்சி சோறு போடுகிறதா?

கேள்வி இதுதான்: மெக்ஸிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் 1994-ல் ஆயுதம் ஏந்திய மாயா மக்கள் தனி ஆட்சி நடத்துகிறார்களாமே, அதை வைத்து எப்படிப் பிழைக்கிறார்கள்?

மக்காச்சோளம் கிடைத்தது, காசு கிடைக்கவில்லை. என் பதில் அவ்வளவுதான். நான் சில காலம் காபி ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் கணக்கு பார்த்தவன். அதனால் பேச்சு காபிப் பக்கம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1994 ஜனவரி 1 அன்று அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ மூன்றுக்கும் இடையிலான நாஃப்டா என்ற தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. அன்றைக்கே ஜபடிஸ்டாக்கள், அதாவது நீங்கள் கேட்ட அந்தக் கிளர்ச்சி இயக்கத்தினர், சான் கிறிஸ்டோபல் உள்ளிட்ட ஊர்களைப் பிடித்தார்கள். அதனால் எல்லாப் பழியையும் நாஃப்டா மேல் போடுவது வழக்கமாகிவிட்டது. அது பாதிக் கதைதான். மலைப்பகுதியின் ட்சோட்சில், ட்செல்டால் என்ற மாயா இனக் குடும்பங்கள் அதற்கு முன்பே இரண்டு அடி வாங்கியிருந்தன.

முதல் அடி காபியில். எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று சர்வதேசக் காபி ஒப்பந்தம் வைத்திருந்த ஒதுக்கீட்டு முறை 1989 ஜூலையில் நின்றுபோனது. விலை சரிந்தது. அதே சமயம் மெக்ஸிகோ அரசு, கொள்முதலும் கடனும் கொடுத்துவந்த இன்மெகாஃபே என்ற தன் காபி நிறுவனத்தையும் கலைக்கத் தொடங்கியது. ஓரிரு ஏக்கரில் காபி வைத்திருந்தவர் யாரிடம் விற்பார்? ஊர் ஊராக வரும் தரகர்களிடம்தான். அங்கே அவர்களைக் 'கொயோட்டே' என்பார்கள், அது ஓநாய் போன்ற ஒரு காட்டு விலங்கின் பெயர். அவர் சொன்னதுதான் எடை, சொன்னதுதான் விலை.

இரண்டாவது அடி நிலத்தில். 1992-ல் அரசியலமைப்பின் 27-வது பிரிவைத் திருத்தி, நிலமற்றவர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுக்கும் கடமையை அரசு கைகழுவியது. 'எஹிடோ' என்ற சமூக நிலங்களைத் தனிச்சொத்தாக்கி விற்கவும் வழி திறந்தது. மனு போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த கிராமங்களுக்கு அது கதவடைப்பு. கிளர்ச்சிக்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. எழுந்ததும் அவர்கள் செய்த பெரிய காரியமும் நிலத்தைப் பற்றியதே: பண்ணையார்களின் மாட்டுப் பண்ணைகளைக் கைப்பற்றி மக்காச்சோளமும் பீன்ஸும் பூசணியும் சேர்த்து விதைத்தார்கள்.

1996-ல் சான் ஆந்த்ரேஸ் என்ற ஊரில் அரசுக்கும் ஜபடிஸ்டாக்களுக்கும் இடையே சுயாட்சி ஒப்பந்தம் கையெழுத்தானது. 2001-ல் நாடாளுமன்றம் நீர்த்துப்போன ஒரு சட்டத்தைத்தான் கொண்டுவந்தது. சரி, நீ கொடுக்காவிட்டால் போ என்று 2003 ஆகஸ்டில் ஐந்து 'கராகோல்' மையங்களில் அவர்களே 'நல்லாட்சி அவைகளை' அமைத்தார்கள். பொறுப்பு சுழற்சி முறையில் மாறும், சம்பளம் கிடையாது. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் சொந்தமாக நடத்தினார்கள். அரசு உதவி எதையும் வாங்குவதில்லை என்பது கட்டுப்பாடு. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இது வீரமாகத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பவருக்கு விலை அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் அரசிடம் தகரமும் சிமென்டும் வாங்கும்போது இவர் வாங்கக் கூடாது.

உப்பு, சோப்பு, மருந்துக்கு ரொக்கம் வேண்டுமே. அதற்குக் காபிதான் வழி, காபி விலையோ நியூயார்க்கில் முடிவாகிறது. 2001-ல் பவுண்டு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. எந்த நல்லாட்சி அவையும் அதைத் தடுக்க முடியாது. கூட்டுறவு வைத்து நேரடியாக ஏற்றுமதி செய்தவர்கள் கொஞ்சம் தப்பினார்கள். செனால்ஹோ பகுதியின் மாயா வினிக் அப்படிப்பட்ட ஒன்று. 1999-ல் அதைத் தொடங்கியவர்கள் ஆயுதம் எடுக்காத 'லாஸ் அபெஹாஸ்' அமைப்பினர். 1997 டிசம்பர் 22-ல் ஆக்தியால் கிராமத்தில் ஆயுதக் கும்பல் நடத்திய படுகொலையில் 45 பேரைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள்தான். 2012-13-ல் இலைத் துருநோய் வந்து தோட்டங்களைக் காலி செய்தபோது கூட்டுறவும் என்ன செய்யும்? இளைஞர்கள் கான்குன் கட்டட வேலைக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். இன்றும் போகிறார்கள்.

2019-ல் வந்த 'வாழ்வை விதைத்தல்' என்ற அரசுத் திட்டம் இன்னொரு சிக்கல். 2.5 ஹெக்டேரில் மரம் நட்டால் தொடக்கத்தில் மாதம் 5000 பெசோ. ஏழைக்கு அது பெரிய காசு, வாங்குபவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 2.5 ஹெக்டேர் தன் கையில் இருப்பதாக ஒவ்வொருவரும் காட்ட வேண்டும். ஊருக்குள் நிலத் தகராறு வருவதற்கு அது போதாதா? போதாக்குறைக்கு எல்லையோரத்தில் போதைக் கும்பல்கள் வேறு மோதிக்கொள்கின்றன. 2024 ஜூலையில் நூற்றுக்கணக்கானோர் குவாத்தமாலாவுக்குத் தப்பி ஓடினார்கள்.

2023 நவம்பரில் ஜபடிஸ்டாக்கள் தங்கள் தன்னாட்சி நகராட்சிகளையும் நல்லாட்சி அவைகளையும் கலைத்துவிட்டதாக அறிவித்தார்கள். தோற்றுவிட்டார்கள் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலே அதிகாரம் குவிகிறது என்று அவர்களே சொல்லி, கிராமத்துக்கு ஒரு அரசு என்று கீழே இறக்கினார்கள். அப்புறம் டிசம்பரில், கைப்பற்றிய நிலத்தில் ஒரு பகுதியை யாருக்கும் சொந்தமில்லாத பொது நிலமாக ஒதுக்கினார்கள். பட்டா கேட்காமல் உழைக்கச் சம்மதித்தால், இயக்கத்தில் இல்லாதவரும் அங்கே விதைக்கலாம்.